ஆரஞ்சுக் கண்ணாடி

வில்னியஸில் பிப்ரவரி. மைனஸ் பதினாறு.
டிராலிபஸ் கம்பியில் பொறி தெறித்த காலையில்
கையுறையைக் கழற்றாமலே கணினியைத் தட்டினேன்.
வெள்ளிக்குள் மென்பொருள் எதுவென்று சொல்ல வேண்டும்.
படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டம்
என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை.

எங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்:
கண்ணுக்குப் படாத அகச்சிவப்புக் கற்றை ஒன்று
மேசைமேல், வெறும் காற்றில், இரண்டரை மீட்டர் போய்
பதினைந்து மில்லிமீட்டர் படிகத்துக்குள் புகுந்து
பச்சையாக வெளியே வர வேண்டும்.
எவ்வளவு பச்சை?
அதை முன்கூட்டிச் சொல்ல ஒரு வாய்.

முதலாவது, கதிர் வரைவது.
தறியில் பாவு இழுத்ததுபோல் நேர்கோடுகள்.
வில்லையைத் தாண்டி எல்லாம் ஒரு புள்ளியில் கூடின.
புள்ளிக்கு அகலம் கிடையாது என்றது.
அகலமில்லாத இடத்தில் செறிவுக்கு எல்லை ஏது?
செறிவு இரட்டித்தால் பச்சை நான்கு மடங்கு.
ஆக, எங்கள் பச்சை முடிவிலி.
விகாந்தஸ் கம்பு ரொட்டியைக் கடித்தபடி
“இனி மின்கட்டணமே கட்ட வேண்டாம்” என்றான்.

இரண்டாவது எதையும் விட்டுக்கொடுக்காது.
மின்புலம், காந்தப்புலம், ஒவ்வோர் அலையின் ஒவ்வொரு நெளிவும்.
ஒரு மீட்டருக்குள் ஏறத்தாழப் பத்து லட்சம் அலை,
அலைக்கு இருபது கட்டம்.
கணக்குப் போட்டுவிட்டு அடக்கமாகச் சொன்னது:
மீதமுள்ள நேரம், பதினோராயிரம் நாள்.
அதற்குள் நான் ஓய்வு பெற்றிருப்பேன்.
படிகத்துக்கு வயதாகாது.

மூன்றாவதன் விலையைக் கேட்டுக்
கணக்குப் பிரிவு எய்முதிஸ் உட்கார்ந்துவிட்டார்.
ஆனால் என்ன படங்கள்!
மயில்கழுத்து நிறத்தில் கற்றை விரிகிறது, சுருங்குகிறது,
விரலால் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.
எழுபத்தோரு விழுக்காடு பச்சை என்றது,
புள்ளிக்குப் பின் நான்கு இலக்கத்தோடு.

நான்காவது இலவசம்.
தார்த்துவில் ஆய்வு மாணவி ஒருத்தி
எழுதி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டாளாம்.
படமில்லை, பொத்தானில்லை, கறுப்புத் திரையில் எழுத்து.
படிகத்தின் அடுப்பு எத்தனை டிகிரி என்று கேட்டது.
படிகம் எவ்வளவு உறிஞ்சும் என்று கேட்டது.
இரண்டு முறை செத்து விழுந்தது.
பிறகு, நாற்பத்தாறு.

நான்கு ஏட்டுச் சுரைக்காயையும் வரிசையாக வைத்து
முழித்துக்கொண்டிருந்தோம்.

ஸ்கிர்மாந்தே இழுப்பறையைத் திறந்து
அக்டோபரில் எரிந்த படிகத்தை எடுத்து வைத்தாள்.
உள்ளே ஒரு வெண்தழும்பு, எறும்பு முட்டை அளவு.
“அன்றைய எண்களைக் கொடுங்கள்.
நடந்து முடிந்ததையாவது சொல்லத் தெரிகிறதா பார்ப்போம்.”

முதலாவது மறுபடியும் முடிவிலி.
இரண்டாவது மறுபடியும் பதினோராயிரம் நாள்.
மூன்றாவது, எழுபத்தெட்டு;
எரிந்த இடத்தைத்தான் எத்தனை அழகாக வரைந்திருந்தது.
நான்காவது பாதியில் நின்றது.
ஒரே வரி:
இந்தச் செறிவுக்கு மேல் என் சமன்பாடுகள் செல்லாது.

எரியும் என்று அதுவும் சொல்லவில்லை.
வாசலில் நின்றுகொண்டது, அவ்வளவே.

விலை பூஜ்யம் என்றால் படிவம் நகர மறுத்தது.
பூஜ்யத்துக்குக் கையெழுத்திட விதியில்லை என்றார் எய்முதிஸ்.
நினைவகச் சில்லு இரண்டு சேர்த்து எழுதினோம்.
‘காரணம்’ கட்டத்தில் ஸ்கிர்மாந்தே நுணுக்கி எழுதினாள்:
தெரியாது என்று சொல்லத் தெரியும்.

திங்கள். திரையை இழுத்து மூடி
ஆரஞ்சுக் கண்ணாடி மாட்டிக்கொண்டோம்.
கண்ணைக் காக்கும் கண்ணாடி பச்சையைக் காட்டாது.
மூன்று பேரும் அளவியின் எண்ணையே பார்த்தபடி நின்றோம்.
முப்பது. முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று.
அங்கேயே நின்றுவிட்டது.

ஐந்து குறைவு.
ஆடியில் தூசு என்றான் விகாந்தஸ்.
கோணம் என்றேன் நான்.
ஸ்கிர்மாந்தே குறிப்பேட்டில் புதுப் பக்கம் திருப்பினாள்.
எங்கள் நடுவே, இடுப்பு உயரத்தில்,
யார் கண்ணுக்கும் படாமல்
போய்க்கொண்டிருந்தது பச்சை.